வரைபடத்தில் இல்லாத அடுப்படி

வீட்டை விற்பது என்று முடிவு செய்தது நானும் இல்லை, அப்பாவும் இல்லை. அவருடைய முழங்கால்தான். ரிங்லெட் மலையூரில் சாலையிலிருந்து எங்கள் வாசலுக்கு முப்பத்தொரு படி. ஒரு மழை நாளில் பத்தாவது படியில் வழுக்கி விழுந்து, மூன்று வாரம் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் படியே ஏறக்கூடாது என்று டாக்டர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அப்பாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். பிடிக்காத சேதி என்றால் மட்டும் என் வாயால் இன்னொரு தடவை கேட்பார்.

"அப்ப வீட்டுக்கு எப்படிப் போறதாம்? பறந்தா?" என்றார் என்னைப் பார்த்து.

அன்றைக்கு அவரை முதுகில் சுமந்து படியேறியது பக்கத்து வீட்டு லாரிக்காரர். நான் கைத்தடியையும் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருடமாக ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. அப்பாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் லாரிக்காரரின் முதுகை எதிர்பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஈப்போவில் இருக்கும் தம்பி, படியில்லாத கீழ்வீடாகப் பார்த்து வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னான். அவன் சொல்வது எல்லாமே போனில்தான்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலையை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. மலிவு விலை வீடு. ஒரு ஹால், இரண்டு அறை, ஒரு குளியலறை. ஹாலின் மூலையில் ஒரு குழாயும் ஒரு சிமெண்டுப் பலகையும் வைத்து அதைச் சமையலறை என்று விற்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்துவிட்டு, வந்த சேமநிதிப் பணத்தை மொத்தமாகப் போட்டு அப்பா அதை வாங்கினார். சாவி கைக்கு வந்த மூன்றாம் வாரம் பின்சுவரை இடித்து வழி விட்டு, லோங்கானுக்கு மேலே ஓர் அடுப்படி கட்டினார். லோங்கான் என்பது மழைநீர் ஓடும் சாக்கடை. தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவினார்கள். கூலி என்று எதுவும் கிடையாது. கோழிக்கறி, சோறு, ஆளுக்கு இரண்டு பீர். தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அப்பா பாதி தண்ணீர் ஊற்றிய ஆரஞ்சு பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்தார். அதனால் தளம் இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது.

பிளான் போட்டு மாவட்ட மன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பதில்லை. சிமெண்டு கொண்டுவந்த சீனர் சொன்னார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொந்த வீட்டுல யாரைக் கேக்கணும்?"

இந்தக் கேள்வியை அப்பா மட்டும் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் பின்னால் ஏதாவது ஒன்று முளைத்திருக்கிறது. ஒரு வீட்டில் சாமி அறை, ஒரு வீட்டில் கோழிக்கூண்டு, ஒரு வீட்டில் மருமகளுக்கு மாடி. எல்லாருமே தோட்டத்து லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், இருந்து வந்தவர்கள். லயத்தில் சுவர் தோட்டத்துடையது, கூரை தோட்டத்துடையது. துணிக்கொடி கட்ட ஆணி அடிப்பதென்றாலும் ஆபீசில் கேட்க வேண்டும். மிளகாய்ச்செடி வைக்கக் கேட்க வேண்டும். இரண்டு தலைமுறை கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோனவர்களிடம் ஒரு சாவியைக் கொடுத்து இது உன்னுடையது என்றால், அவர்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: இனிமேல் யாரையும் கேட்க வேண்டாம். பத்திரத்தின் எட்டாம் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது என்பதை யார் படித்தார்கள்?

அப்பாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. லயத்து வீட்டில் எங்களுக்கு விறகு அடுப்பு. புகை போக வழி கிடையாது. அம்மாவுக்கு இழுப்பு. பின்வாசலில் இரண்டு தகடு போட்டுச் சாய்ப்பு இறக்கினால் அடுப்பை வெளியே வைக்கலாம் என்று அப்பா ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கேட்டார். மனு எழுதிக் கொடு என்றார் கிராணி. அப்பாவுக்கு எழுத வராது. கிராணியே மனுவை எழுதி, கிராணியே வாங்கிக்கொண்டு, தோட்டத்து மேனேஜரான துரைக்கு அனுப்பினார். எப்படியும் சரி என்றுதான் சொல்வார்கள் என்று நம்பி அப்பா இரண்டு தகரத் தகடு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு வீட்டுக்கு விட்டால் எல்லா வீடும் கேட்கும், அதனால் இல்லை. அம்மா அந்த எட்டு மாதமும் அதற்குப் பிந்திய வருடங்களும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சமைத்தார். தகடுகள் பதினெட்டு வருடம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. ரிங்லெட் வீட்டு அடுப்படிக் கூரையில் முதலில் ஏறியவை அவைதான்.

அதற்குள் நாங்கள் காஸ் அடுப்புக்கு மாறியிருந்தோம். புகையே இல்லை. ஆனாலும் அப்பா ஒன்பதடி உயரத்துக்குப் புகைபோக்கி வைத்தார். அம்மா ஆறு வருடம் அங்கே சமைத்தார். பெருமழை நாளில் தளத்துக்குக் கீழே லோங்கான் இரையும். "என் வீட்டுக்குக் கீழ ஆறு ஓடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்படிச் சொல்லும்போது அவருக்கு இருந்த பெருமையை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. பிறகு அம்மா போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அந்த அடுப்படியால் கிடைத்தது என்னவென்றும் சொல்ல வேண்டும். பழைய கூரையும் அந்த இரண்டு தகடும் சேரும் இடம் ஒழுகும். தார் பூசினோம், பிளாஸ்டிக் விரித்தோம், ஒன்றும் நிற்கவில்லை. அந்த ஒழுக்கு நேராக விழுவது இரண்டாவது அறையில். எனக்கென்று சொன்ன அறை அது. மெத்தை இரண்டு தடவை பூசணம் பிடித்த பிறகு நான் ஹாலுக்கு வந்துவிட்டேன். பகல் முழுக்க ஹோட்டலில் யார் யாருடைய அறைக்கோ விரிப்பு மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து டிவிக்கு முன்னால் பாய் விரித்துப் படுப்பேன். பதினேழு வருடம். இதற்காக யார்மீதும் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

விளம்பரம் போட்ட இரண்டாம் வாரம் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், அவள் நர்ஸ். வயிற்றில் ஐந்து மாதம். படியேறி மூச்சு வாங்கி வந்தவள் அடுப்படியில் நின்று, "இங்க ஜன்னலுக்குப் பக்கத்துல மேசை போட்டுக்கலாம்" என்றாள் புருஷனிடம். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. விலையில் அவரே கொஞ்சம் குறைத்தார். நான் ஈப்போவுக்குப் போய் வீடு பார்த்தேன். தரையோடு ஒட்டிய பழைய வீடு, இரண்டு அறை. பின்னறை ஜன்னலைத் திறந்தால் ஒரு கொய்யா மரம். கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று நின்று பார்த்தேன். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் துணி தைப்பது என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கூரை ஒழுகாத ஓர் அறை, உள்ளிருந்து தாழ்போடக்கூடிய ஒரு கதவு. அதற்கு மேல் நான் எதுவும் ஆசைப்படவில்லை.

ஆசிரியருக்குப் பேங்க் கடன். பேங்க் சார்பில் மதிப்புப் போட ஒருவர் வந்தார். கையில் அளவெடுக்கும் கருவி, அமுக்கினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழும்.

"என்னா, சுவத்துக்குப் பொட்டு வைக்கிறாரா?" என்றார் அப்பா.

வந்தவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பிளான் தாளையும் அடுப்படியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாரத்தில் ஆசிரியர் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. பின்னால உள்ள பகுதிக்கு பிளான் அப்ரூவல் இல்லையாம். அது சரியாவுற வரைக்கும் பேங்க்ல லோன் குடுக்க முடியாதுங்குறாங்க. எங்களுக்கு வீடு புடிச்சிருக்குக்கா. நீங்க மட்டும் மன்றத்துல ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துட்டா..."

லீவு போட்டுக்கொண்டு தானா ராத்தாவில் மன்ற அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் ரொம்பத் தன்மையாகப் பேசினாள். கோப்பைத் தேடி எடுத்து வரைபடத்தை விரித்துக் காட்டினாள். ஹால் இருந்தது, இரண்டு அறை இருந்தது, குளியலறைகூட இருந்தது. பின்சுவரோடு வீடு முடிந்துபோனது. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைத்தாள். அம்மா ஆறு வருடம் நின்று சமைத்த இடம் அது.

பிறகு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து நாடா பிடித்து அளந்து, ஒரு நோட்டீஸும் கொடுத்தார். அவரும் நல்ல மனிதர்தான். சுவர் லோங்கானுக்கு ஒதுக்கிய நிலத்துக்குள் போயிருப்பதால் இப்போது பிளான் போட்டாலும் அனுமதி கிடைக்காது, அதை எடுத்துவிட்டுப் பழைய சுவரைக் கட்டிவிட்டால் ஒரு மாதத்தில் கடிதம் கொடுத்துவிடலாம் என்றார். எங்கள் மேல் தப்பு. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லை.

தம்பியிடம் சொன்னேன். "ரெண்டு நாள் வேலைக்கா, இடிச்சுத் தள்ளு" என்று போனில் குரல்பதிவு அனுப்பினான். இடிக்கிற ஆளிடம் விலையும் கேட்டுவிட்டேன். பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இடிக்கணும்பா."

"எதை?"

"பின்னால உள்ளதை."

"அடுப்படியையா?"

"ஆமா. அப்பதான் லெட்டர் குடுப்பாங்க. லெட்டர் இருந்தாத்தான் வாத்தியாருக்கு லோன் கிடைக்கும்."

ரசத்தைப் பிசைந்து முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். தட்டிலேயே கை கழுவினார்.

"இடிக்கிறதுக்கு மன்றத்துல கேக்கணுமா?"

"அவங்கதானேப்பா இடிக்கவே சொல்றாங்க."

"பாத்தியா. கட்டத்தான் கேக்கணும். இடிக்கிறதுன்னா உடனே சரின்னுடுறாங்க." தட்டைத் தள்ளி வைத்தார். "பத்திரம் என் பேர்ல இருக்கு. அதை இடிச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் உன் இஷ்டம்லா."

கையெழுத்தும் போட மாட்டாராம், என் இஷ்டமுமாம். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. அம்மா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது, அங்கே இப்போது இருப்பது பாசி பிடித்த நாலு சுவர், அதன் ஒழுக்குதான் என்னை இத்தனை வருடம் ஹாலில் படுக்க வைத்தது என்று கத்தினேன். கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஒரு ரூம் வேணும்பா. சாகுறதுக்கு முந்தி ஒரு ரூம்."

 மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவருடைய கட்டில் ஹாலில் கிடந்தது. லாரிக்காரரைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லியிருக்கிறார். அவருடைய அறையில் ஆணியில் தொங்கும் சட்டைகளைக் காணோம். தரையைக் கூட்டி, என் பாயையும் தலையணையையும் அங்கே வைத்திருந்தார். அந்த முழங்காலோடு எப்படிக் குனிந்து கூட்டினார் என்று தெரியவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே, "நீ அங்க படுத்துக்க" என்றார்.

இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? நான் கேட்டது இதை அல்ல என்று சொல்லலாம். அவருக்கும் அது தெரியும். அவர் கையில் இருந்த ஒரே அறையை எடுத்துக் கொடுத்துவிட்டார், அந்த அடுப்படியை மட்டும் விட்டுவிடு என்கிறார். கட்டிலைத் திரும்ப உள்ளே தள்ளிப் போட்டேன். ஆசிரியருக்குப் போன் செய்து வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஈப்போ வீட்டுத் தரகருக்கும் சொன்னேன். அதற்கப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

லோன் இல்லாமல் வாங்குகிறவர்கள் ரொக்கக்காரர்கள். வீடு எந்த நிலையில் இருந்தாலும் வாங்குவார்கள், விலையைத்தான் பாதியாக்கிவிடுவார்கள். லாரிக்காரர் காய்கறி ஏற்றும் கோலா தெர்லா தோட்டத்துத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, அப்படி வாங்குகிறார் என்று சொல்லி அவரே கூட்டிக்கொண்டு வந்தார். தவுக்கேவுக்கு அறுபது வயது இருக்கும். காலில் மஞ்சள் பூட்ஸ், அதில் சேறு. வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். இளம் வயதில் லயத்து வாசல்களில் காய் விற்றவர். எங்களைப் போலவே தமிழ் பேசினார்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பிளான் இல்லை, லோங்கான் நிலம், ஒழுக்கு, சாய்ந்த தளம், மன்றத்து நோட்டீஸ் என்று வரிசையாகச் சொன்னேன். ஓடிவிட மாட்டாரா என்ற நப்பாசையும் இருந்தது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார்.

"அக்கா, எல்லாம் தெரியும்லா. நோட்டீஸ் நான் பார்த்துக்கிறேன். எனக்கு பேங்க் வேணாம், டுயிட் ரெடியா இருக்கு, எல்லாம் ரொக்கம்."

அவர் சொன்ன விலை ஆசிரியர் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்பா விலையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

"அடுப்படியை உடைப்பீங்களா?"

"ஏன் உடைக்கிறேன்? இடம் ஜாஸ்தி இருந்தா எனக்கு நல்லதுதானே."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. இந்த மலைமேல் காய்கறித் தோட்டத்துத் தவுக்கே ஒருவருக்கு எதற்கு இடம் ஜாஸ்தி வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. சீக்கிரம் முடிந்தால் சரி என்று இருந்தது.

தவுக்கே பணத்தை நோட்டாகவே கொண்டுவரத் தயாராக இருந்தார். வக்கீல்தான் செக்காக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரொக்கம் என்று சொல்லிவிட்டு ஒரு துண்டுத் தாளைக் கொடுக்கிறார்களே என்று அப்பாவுக்குக் குறை. கிராணி ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்த நாலு எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.  

அந்தப் பணத்தில் ஈப்போவில் தரையோடு இருக்கிற வீடு எதையும் வாங்க முடியவில்லை. தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஒரு ஹால், ஒரு அறை. அறை அப்பாவுக்கு, ஹால் எனக்கு. பாய் விரிக்கும்போது எந்தப் பக்கம் தலை வைப்பது என்றுகூட யோசிக்க வேண்டியதில்லை, பழக்கம்தான். ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஒரு வரி. அப்பா அதைப் படிக்கவில்லை, நான்தான் படித்துக் காட்டினேன். அம்மாவின் படத்தை அலமாரிக்கு மேல் சுவரில் சாய்த்து வைத்தோம். காற்றாடி வேகமாகச் சுற்றினால் சரிந்து விழும். நான் நிமிர்த்தி வைப்பேன்.

ஐந்து மாதம் கழித்துத் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. தம்பி காரில் கூட்டிக்கொண்டு போனான். திரும்பும்போது ரிங்லெட்டில் நிறுத்தச் சொன்னார் அப்பா. வேண்டாம் என்று நானும் தம்பியும் எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. தம்பி காரிலேயே இருந்துவிட்டான். முப்பத்தொரு படியையும் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

வாசலில் பதினைந்து ஜோடி ரப்பர் செருப்புகள் வரிசையாக இருந்தன. கதவு திறந்தே இருந்தது. ஹாலை ஒட்டுப்பலகை வைத்து நாலாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு கதவு, ஒரு பூட்டு, சிவப்புச் சாயத்தில் ஒரு எண். அப்பாவின் அறை ஐந்து. ஒழுகும் அறை ஆறு. அதிலும் ஆள் இருக்கிறது என்பது கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தாலே தெரிந்தது. காய்கறித் தோட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்கள். தவுக்கேவுக்கு இடம் ஜாஸ்தி வேண்டியிருந்தது இதற்குத்தான்.

அப்பா ஐந்தாம் எண் கதவில் கை வைத்து நின்றார்.

"லயமாக்கிட்டான்," என்றார்.

எனக்கு அந்த நிமிடம் அவரைப் பார்க்கவே முடியவில்லை. லயத்தை விட்டு வெளியேறத்தான் முப்பத்தெட்டு வருடச் சம்பாத்தியத்தை இங்கே கொட்டினார். கொய்யா மர ஜன்னலை விட்டுக்கொடுத்து, அவருடைய அடுப்படியைக் காப்பாற்றி, அதைச் சுற்றி ஒரு லயத்தைக் கட்ட நான்தான் வழி செய்துகொடுத்திருக்கிறேன்.

அடுப்படி இருந்தது. இடிக்கவில்லை, தவுக்கே சொன்ன சொல் தவறவில்லை. நாலு காஸ் அடுப்பு வைத்திருந்தார்கள். தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒருவர் மட்டும் அங்கே இருந்தார். நாற்பது வயது இருக்கும், பங்களாதேஷ்காரர், காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. அவர் காலடியில் அரிசியும் பருப்பும் சட்டிகளும் தரையிலேயே கிடந்தன. பக்கத்தில் ஒரு பலகை, ஒரு சுத்தியல், தாளில் மடித்த ஆணிகள். முன்பு இருந்த வீட்டுக்காரர்கள் என்று நான் மலாயில் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். பலகையைக் காட்டி, இது என்ன என்று அப்பா கேட்டார்.

சாமான் வைக்கச் சுவரில் தட்டுப் பலகை அடிக்க வேண்டும் என்றார் அவர். கீழே வைத்தால் எலி வருகிறது. சுவரில் ஆணி அடிக்கலாமா என்று தவுக்கேவைக் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை.

அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஜன்னலுக்கு இடது பக்கம் நின்றார்.

"இங்க அடி," என்றார் மலாயில். "அந்தப் பக்கம் கல்லு பொள்ளல், ஆணி நிக்காது. இங்க நான் சிமெண்டு ஊத்தியிருக்கேன்."

"தவுக்கே?"

"அடிலா. யாரையும் கேக்காத."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் எதைச் செய்யவும் எங்களுக்கு உரிமை கிடையாது. கேட்காமல் செய்ததற்கு என்ன விலை என்பது எனக்குத்தான் தெரியும், ஒவ்வொரு ராத்திரியும் பாயில் படுத்து அதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே லோங்கானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் திட்டினேன். "அது நம்ம வீடு இல்லப்பா. அவருக்கு வேலை போனா நீங்களா சோறு போடுவீங்க?"

"போகாது. தட்டுக்காக யாரும் ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டான்." முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "பதில் வரும்னு அவன் உக்காந்திருப்பான். எனக்குத் தெரியும் அது எப்ப வரும்னு."

கார் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கியது.

அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அம்மாவின் படத்துக்கு ஒரே ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று வாடகை வீட்டுக்காரம்மாவுக்கு நான் போனில் எழுதியிருந்தேன். நாங்கள் குடிவந்த முதல் வாரத்தில் எழுதியது. அவர் அதைப் படித்துவிட்டார் என்று போனில் தெரிகிறது. பதில் எழுதவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டு வாங்கிவிட்டுச் செய்வோம், இனிமேலாவது எதையும் முறையாகச் செய்வோம் என்று இருந்தேன்.

இன்று காலை படம் திரும்பவும் சரிந்து விழுந்தது. இந்தத் தடவை கண்ணாடியில் ஒரு கீறல். நான் நிமிர்த்தி வைப்பதை அப்பா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுத்தியலை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன்.